ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறேன், என்னென்ன வணக்கம் தெரிந்திருக்க வேண்டும்?

காவிரிக்கரை:
அடுத்த மாதம் நகோயாவில் வேலையில் சேர்கிறேன். ஆபீஸில் ஆங்கிலம் போதும் என்கிறார்கள், ஆனாலும் காலையில் நாலு பேர் முகத்தைப் பார்த்தால் வாயைத் திறக்க ஏதாவது வேண்டுமே. இப்போதைக்கு கொன்னிச்சிவா (பகல் வணக்கம்), சயோனாரா (விடைபெறும்போது சொல்வது) இரண்டும் மனப்பாடம். போதுமா?

மழைக்காகம்:
அந்த இரண்டும்தான் ஆபீஸில் அவ்வளவாகத் தேவைப்படாது :) காலையில் ஒஹாயோ கொசாய்மஸ், அதாவது காலை வணக்கம். கூடவே வேலை செய்பவரிடம் கொன்னிச்சிவா என்றால் யாரோ வெளியாள் சொல்வது போல இருக்கும், சயோனாரா ஏதோ நெடுநாள் பிரிவு மாதிரி. சாயங்காலம் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க நீங்கள் கிளம்பினால் ஒசாகி நி ஷிட்சுரே ஷிமாஸ், அதாவது உங்களுக்கு முன்னால் போகிறேன், மன்னிக்கணும். பதிலுக்கு ஒட்சுகாரெசமா தெஷ்தா என்பார்கள், களைத்திருப்பீர்கள் என்கிற மாதிரி. பகலில் லிஃப்டில் எதிர்ப்பட்டாலும் ஒட்சுகாரெசமா தெஸ் என்பதுதான். ஆனால் ஏறக்குறைய இதே அர்த்தத்தில் கொகுரோசமா என்று இன்னொன்று உண்டு, அது மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் சொல்வது. சேர்ந்த புதிதில் நான் அதை மேனேஜரிடமே சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார், பக்கத்து சீட்காரர்தான் அப்புறம் தனியாகக் கூப்பிட்டுத் திருத்தினார்.

ஓட்டைக்குடை:
ஒரே ஒரு வார்த்தைதான் கற்க முடியும் என்றால் சுமிமாசென், 'மன்னிக்கணும்' என்கிற மாதிரி. ரயிலில் இறங்க வழி கேட்க, ஓட்டலில் ஆளைக் கூப்பிட, காலை மிதித்துவிட்டால், அப்புறம் கீழே விழுந்த குடையை யாராவது எடுத்துக் கொடுத்தால் (சிரமம் கொடுத்துவிட்டேனே என்ற நன்றி) எல்லாவற்றுக்கும் அதேதான். கடையில் நுழைந்ததும் இராஷ்ஷாய்மாசே என்று கத்துவார்கள், வாங்க வாங்க என்பதுதான், பதில் சொல்ல வேண்டாம். நான் ஒரு வாரம் ஒவ்வொருவருக்கும் குனிந்து குனிந்து வணக்கம் வைத்துக்கொண்டிருந்தேன்.

திண்ணைப்பேச்சு:
நமக்குச் சுலபமாக ஒட்டிக்கொள்வது இத்தே கிமாஸ். வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்வது, வார்த்தைக்கு வார்த்தை 'போய்ட்டு வரேன்'. உள்ளே இருப்பவர் இத்தே ராஷ்ஷாய் என்பார், போய்ட்டு வா. 'போறேன்' என்று சொன்னால் பாட்டி திட்டுவாளே, அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு இதற்கு விளக்கமே வேண்டாம். திரும்பி வந்ததும் ததாய்மா (வந்துட்டேன்), அதற்கு ஒகாயெரி (வந்துட்டியா, வா).

காவிரிக்கரை:
அருமை, குறித்துக்கொண்டேன். பெயரோடு 'சான்' சேர்க்க வேண்டும் என்கிறார்களே, முதல் நாள் அறிமுகத்தில் என் பெயருக்கும் போடணுமா?

மழைக்காகம்:
ஐயையோ வேண்டாம். 'என் பெயர் முருகன் அவர்கள்' என்று நீங்களே சொல்லிக்கொள்வது போல ஆகிவிடும். மற்றவர் பெயருக்கு மட்டும்.