பெற்றோர் கூட்டத்தில் டீச்சரிடம் என்ன பேசுவது?

கேள்வி: அரசுப் பள்ளி, ஆறாம் வகுப்பு. கூட்டத்துக்குப் போனால் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். உருப்படியாகப் பேசுவது எப்படி?

பதில் 1: "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "பரவாயில்லைங்க" என்றுதான் வரும். கணக்கு நோட்டைக் கையோடு கொண்டுபோங்க. தப்பான 2 கணக்கைக் காட்டி, எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று கேளுங்க. வீட்டில் பழக டீச்சரிடம் ஒரே ஒரு பயிற்சி கேட்டு வாங்கினால் போதும். நிறைய வாங்கினால் எதுவும் நடக்காது. 3 வாரம் கழித்து அதே நோட்டோடு மறுபடி பாருங்க.

பதில் 2: குறையை வாட்ஸ்அப் குழுவில் போடாதீங்க. நாற்பது பேர் பார்க்கும் இடத்தில் யாரும் மல்லுக்குத்தான் நிற்பாங்க.

பதில் 3: கழிப்பறை, குடிநீர்ப் பிரச்சினையை வகுப்பாசிரியர் தலையில் கட்ட வேண்டாம். அதற்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் குறைந்தது முக்கால்வாசிப் பேர் பெற்றோர். வாய்ப்பேச்சோடு விடாமல் தீர்மானப் பதிவேட்டில் எழுத வையுங்க.