மறு: பீரங்கிக் குண்டுக்கு வேறு சொல் வேண்டுமா?

எல்லாருக்கும் வணக்கம்.

பழைய பீரங்கிகள் சுட்ட வெடிக்காத உருண்டைக்கு (ஆங்கிலத்தில் cannonball) பீரங்கிக் குண்டு என்ற சொல் இருக்கும்போது அதை ஏன் மாற்ற வேண்டும் என்று இந்தக் குழுவில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். போன வாரம் என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உயரமான மலையுச்சியிலிருந்து பீரங்கியைச் சுட்டால் என்ன ஆகும் என்று நியூட்டன் கற்பனை செய்து பார்த்தார், அதை நியூட்டனின் மலை என்பார்கள். அதை விளக்க இங்கே படம் தேவையில்லை, சிவனொளிபாதமலையையே காட்டலாம், உயரம் 2243 மீற்றர். அதன் உச்சியில் பீரங்கியைக் கிடையாக வைத்துச் சுடுகிறோம், காற்றுத் தடை இல்லை என்று வைத்துக்கொள்வோம். சாதாரண பீரங்கி வேகம் என்றால் கடல் மட்டத்துக்கு இறங்க ஏறத்தாழ 21 செக்கன், கையால் நழுவவிட்டாலும் அதே 21 தான். ஆனால் செக்கனுக்கு 7.9 கிலோமீற்றர் வேகத்தில் சுட்டால் அது விழ விழப் பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகும், கடைசியில் சுற்றிச் சுட்ட இடத்துக்கே வந்து சேரும். இதைச் சொன்னதும் ஒரு பிள்ளை எழுந்து, "சேர், போற வழியில வெடிச்சிராதா?" என்று கேட்டாள்.

பிழை அவளுடையதில்லை. நம் நாட்டில் குண்டு என்றால் வெடிப்பது. படங்களிலும் பீரங்கி சுட்டால் விழுந்த இடம் தீப்பற்றுகிறது, கார்ட்டூனில் திரி எரியும் கறுப்பு உருண்டை வருகிறது. உண்மையில் அந்தத் திரி வைத்த உருண்டை உள்ளே வெடிமருந்து அடைத்தது, வேறு சாதி. பழைய பீரங்கிகள் பெரும்பாலும் சுட்டது வெறும் இரும்பு உருண்டை, அதற்கு முன் கல். அது வெடிக்காது, தன் எடையாலும் வேகத்தாலும் மதிலை இடிக்கும், கப்பலின் பக்கத்தைப் பிளக்கும், தரையில் பட்டு எகிறி வரிசையாக நிற்கிறவர்களை அடித்துக்கொண்டு போகும்.

குழுவில் அண்ணா ஒருவர் சொன்ன எறிகணை என்ற சொல் சரிவராது. அது வெடிமருந்து அடைத்ததற்கு ஏற்கெனவே ஊன்றிவிட்டது. இரும்புப் பந்து என்றால் கல் உருண்டை வெளியே போய்விடும்.

நான் சொல்வது திண்குண்டு.

குண்டு என்பதை விடக்கூடாது, குண்டூசி, குண்டு மல்லிகை எல்லாவற்றிலும் அது உருண்டையைத்தான் சொல்கிறது. விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் குண்டு போடுகிறார்கள், அது வெடிக்கும் என்று யாரும் பயப்படுவதில்லை. ஆண்கள் போடும் குண்டின் எடை 7.26 கிலோ, அதாவது 16 இறாத்தல், அது பீரங்கி உருண்டையின் வழியில் வந்தது என்று சொல்வார்கள். முன்னால் திண் சேர்த்தால் உள்ளே வெற்றிடமில்லை என்பது விளங்கிவிடும். இரண்டைச் சங்கிலியால் பிணைத்துப் பாய்மரத்தை அறுக்கச் சுட்டதைச் சங்கிலிக்குண்டு என்றும், உலையில் பழுக்கவைத்துக் கப்பலை எரிக்கச் சுட்டதைப் பழுக்கக் காய்ச்சிய திண்குண்டு என்றும் சொல்லலாம், சிக்கல் வராது. உருண்டைகளை எப்படி அடுக்கினால் இடம் மிக நெருக்கமாக நிரம்பும் என்று வானியலாளர் கெப்லர் 1611இல் எழுப்பிய கேள்விக்கும் திண்குண்டு அடுக்கு என்ற பெயர் பொருந்தும். நம்மூர்க் கடையில் தோடம்பழம் அடுக்குகிற அதே அடுக்கு, இடத்தில் 74 வீதம் நிரம்பும்.

ஒன்றை மட்டும் தொடவேண்டாம். பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் நிற்கிற மரத்தைப் பீரங்கிக்குண்டு மரம் என்று ஒருவர், மாற்ற வேண்டிய சொற்களின் பட்டியலில் போட்டிருக்கிறார். ஆங்கிலேயர் காயைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் பூவைப் பார்த்து நாகலிங்கம் என்று வைத்தோம். அது அப்படியே இருக்கட்டும்.