ஏழாம் வகுப்பு கணக்கு: ஸ்டார், பாயின்ட் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன்

கணக்கு டீச்சர்:
ஏழாம் வகுப்பில் 38 பிள்ளைகள். அடுக்குகள் பாடத்தை விளையாட்டு மாதிரி நடத்தலாம் என்று சரியான விடைக்கு ஒரு ஸ்டார், வெள்ளிக்கிழமை சுவரில் பெயர்ப் பட்டியல் என்று ஆரம்பித்தேன். முதல் வாரம் ஒரே ஆரவாரம். இப்போது மேலே இருக்கிற ஐந்து பேர்தான் கை தூக்குகிறார்கள், கடைசியில் இருக்கிற பையன் அந்தச் சுவர்ப் பக்கமே திரும்புவதில்லை. இரண்டின் அடுக்கு ஐந்து எவ்வளவு என்றால் பாதி வகுப்பு 32 என்பதற்குப் பதில் இன்னும் பத்து என்கிறது. கதை, விளையாட்டு வைத்து நடத்துகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

அரிசி மூட்டை:
டீச்சர், முதலில் அந்தப் பட்டியலைக் கழற்றிவிடுங்கள். நான் கேரளத்து அம்பலப்புழைக் கோயிலின் பால்பாயசக் கதையில்தான் தொடங்குவேன். மாறுவேடத்தில் வந்த கண்ணன் ராஜாவைச் சதுரங்கத்தில் ஜெயித்து, முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நாலு, 64 கட்டமும் இப்படியே தந்தால் போதும் என்கிறார். கதையை அங்கேயே நிறுத்துங்கள். எத்தனை மூட்டை ஆகும் என்று ஆளுக்கொரு விடை நோட்டில் எழுதி மூடி வைக்கட்டும். அப்புறம் சதுரங்க அட்டையில் நிஜ அரிசியை எண்ணி வைக்கச் சொல்லுங்கள். எட்டாவது கட்டத்துக்கு 128, பக்கத்துக் கட்டத்தில் சரிய ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் "இதுக்கு மேல எண்ண முடியாது சார்" என்று அவர்களே சொல்வார்கள். அடுக்குக் குறியை அந்த நேரத்தில் கொடுங்கள், அதற்கு முன்னால் கொடுத்தால் அது தலைக்கு மேல் எழுதுகிற குட்டி எண் மட்டும்தான். 16ஆவது கட்டத்துக்கு 32,768, எடை போட்டால் அரைக் கிலோ தேறும்.

பல்லாங்குழி:
ஸ்டார் விஷயத்துக்கு ஒன்று சொல்கிறேன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வில், வரைவதில் ஏற்கெனவே ஆசை இருந்த மழலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னபோது, பின்னால் அவர்கள் தாமாக வரைகிற நேரம் குறைந்துபோனது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை.

நம் பல்லாங்குழியைப் பாருங்கள். எந்தக் குழியை அள்ளினால் கடைசிக் காய் எங்கே விழும் என்று பிள்ளை மனசுக்குள் எண்ணிப் பார்க்கிறதே, அந்தக் கணக்கேதான் விளையாட்டு. தோற்றவரும் கையில் மிஞ்சிய காய்க்கு எத்தனை குழி நிரம்புமோ அதை வைத்து அடுத்த ஆட்டத்துக்கு உட்காருவார். உங்கள் பட்டியலில் கடைசிப் பையனுக்கு அந்த அடுத்த ஆட்டம் இல்லை.

டைம்டேபிள்:
நல்லதுதான், ஆனால் 40 நிமிட பீரியடில் எல்லாப் பாடத்துக்கும் இது நடக்காது. பிள்ளைகள் வழுக்கி விழுகிற இடத்துக்கு மட்டும் வையுங்கள், மற்றதைக் கரும்பலகையிலேயே முடித்துவிடலாம்.

கணக்கு டீச்சர்:
இன்று செய்தேன். பட்டியலைக் காலையிலேயே எடுத்துவிட்டேன். ஒன்பதாவது கட்டத்துக்கு 256 எண்ணி முடிப்பதற்குள் நாலு பேருக்குச் சண்டை. அந்தக் கடைசிப் பையன் எழுந்து வந்து, எண்ணிய அரிசியைத் தண்ணீர் பாட்டில் மூடியில் கொட்டினான், கிட்டத்தட்ட தலைதட்டி நின்றது. "இனிமே எண்ண வேணாம் மிஸ், அடுத்த கட்டத்துக்கு ரெண்டு மூடி, அப்புறம் நாலு மூடி" என்றான். மணி அடித்த பிறகும் பத்து பேர் மூடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டின் அடுக்கு ஐந்துக்கு மூன்று பேர் இன்னும் பத்து என்றுதான் சொல்கிறார்கள், நாளைக்கு அவர்கள் கையில் அரிசியைக் கொடுக்கப் போகிறேன்.