வெளியாட்களைத் தடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லையா?

ஓய்வுபெற்ற ஆசிரியை, ஏ பிளாக்:
நம் குடியிருப்போர் சங்கச் செயலர் நேற்று அனுப்பிய சுற்றறிக்கையில், "பிள்ளைகளுக்கு ஆபத்து வெளியாட்களால்தான் வருகிறது, வாசலில் ஆதார் நகல் வாங்கி, படிக்கட்டுகளில் கேமரா பொருத்திவிட்டால் பெற்றோர் நிம்மதியாகத் தூங்கலாம்" என்று எழுதியிருக்கிறார். 31 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவளால் இந்த வாக்கியத்தை ஏற்க முடியவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர். மாமா, பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், பாடம் சொல்லித்தருபவர் என்று நாமே கதவைத் திறந்து, காபி கொடுத்து உட்காரவைப்பவர்கள் அவர்கள். படிக்கட்டில் மாட்டிய கேமரா அவர்களை விருந்தாளியாகத்தான் பதிவு செய்யும்.

சங்கச் செயலர்:
அம்மா, தங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் 2018 ஜூலையில் சென்னை அயனாவரத்தில் வெளிவந்த கொடுமையை மறந்துவிட்டு எழுதுகிறீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் 11 வயதுச் சிறுமிக்கு நேர்ந்ததற்காக 17 பேர் கைதானார்கள். 2020 பிப்ரவரியில் அவர்களில் 15 பேரைக் குற்றவாளிகள் என்று சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவலாளி, லிஃப்ட் இயக்குபவர், குழாய் பழுதுபார்ப்பவர் என்று எல்லோரும் வேலைக்கு வந்த வெளியாட்கள். அதைப் படித்த நாளிலிருந்துதான் நான் இந்தக் கேமராவுக்காகப் போராடுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, ஏ பிளாக்:
லிஃப்ட் இயக்குபவர் எப்படி வெளியாள் ஆவார்? காலையில் பள்ளிக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் குழந்தை முகம் பார்த்துப் பேசிய மனிதர் அவர். "அங்கிளுக்கு வணக்கம் சொல்" என்று சொல்லிக்கொடுத்தவர்களும் நாம்தான். சம்பளம் யார் கொடுத்தார் என்பது உங்கள் கணக்குப் புத்தகத்துக்கு வேண்டிய செய்தி. குழந்தையின் கணக்கில் அவர் தெரிந்தவர். நீங்கள் காட்டிய வழக்கே உங்கள் சுற்றறிக்கைக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

சங்கச் செயலர்:
இங்கே வீடு இல்லாதவர், சங்கத்தில் வாக்கு இல்லாதவர், ஒப்பந்த நிறுவனம் அனுப்பியவர் வெளியாள்தான். தமிழ் ஆசிரியைக்கு இந்தச் சொல்லின் பொருளை நான் விளக்க வேண்டியிருப்பது வருத்தமளிக்கிறது.

வழக்கறிஞர், சி பிளாக்:
இருவரும் ஒரே சொல்லை இரண்டு பொருளில் ஆள்கிறீர்கள். ஆவணக் காப்பகத்தின் அட்டவணையில் "தெரிந்தவர்" என்பதற்குள் குடும்பத்தினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர், வேலை கொடுத்தவர் ஆகியோருடன் இணையவழி நண்பர்களும் அடங்குவர். எந்த வரையறையை எடுத்துக்கொள்கிறோம் என்பதை முடிவு செய்துவிட்டுப் பேசினால் பயன் உண்டு. அதைவிட முக்கியமானது, போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பாளர் தம் கீழ்ப் பணியாற்றுபவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது வழக்குத் தொடுக்க முடியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, ஏ பிளாக்:
வரையறை இருக்கட்டும், தம்பி. லிஃப்ட் இயக்குபவர் வெளியாளா இல்லையா என்பதற்குச் செயலர் பதில் சொல்லட்டும்.

நெல்லைத் தந்தை, பி பிளாக்:
எனக்கு இரண்டு மகள்கள். ஆகவே பேசும் உரிமை எனக்கும் உண்டு. அந்த 90 விழுக்காட்டைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள், அதில் எத்தனை வழக்குகள் காதலித்து ஓடிப்போன பதினேழு வயதுப் பிள்ளைகளுடையவை என்பதையும் சொல்ல வேண்டும். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமே அப்படி ஒரு வழக்கை ரத்து செய்தது. எண்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சித்தப்பாவையும் சந்தேகப்பட வைத்தால் குடும்பம் என்று ஒன்று மிஞ்சாது. டீச்சருக்கு ஆண்கள் என்றாலே ஆகாது என்பது பொங்கல் விழாக் கூட்டத்திலேயே தெரிந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, ஏ பிளாக்:
பொங்கல் கூட்டத்தில் நான் சொன்னது ஒன்றுதான். முத்தம் கொடுக்க மறுத்த குழந்தையை, "மாமா கோபித்துக்கொள்வார்" என்று மிரட்டிக் கொடுக்கவைக்காதீர்கள் என்றேன். தன் உடம்பைப் பற்றித் தான் சொல்லும் "வேண்டாம்" செல்லாது என்று மூன்று வயதில் கற்ற குழந்தை, பத்து வயதில் அதைச் சொல்லுமா? அதை ஆண்களுக்கு எதிரான பேச்சாகக் கேட்டது உங்கள் காது.

ஆண்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் கேளுங்கள். மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்திருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆண்பிள்ளைகள். "ஆம்பளைப் பையனுக்கு என்ன ஆகிவிடும்" என்று சொல்லும் வீடுகள் நம் மூன்று பிளாக்கிலும் இருக்கின்றன. காதல் வழக்குகள் தனி விவாதம். அவற்றை இங்கே கொண்டுவந்து எட்டு வயதுக் குழந்தையின் வழக்கை மூடாதீர்கள்.

சென்ற ஆண்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஓர் அலுவலரை அழைத்துச் சமூகக் கூடத்தில் பேசவைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஊராட்சிகளில் தலைவர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், பிள்ளைகளின் பிரதிநிதி என்று உட்கார வைத்துக் கிராம அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு அமைக்கச் சொல்லி அரசே விதி வைத்திருக்கிறது. 240 வீடுகள் உள்ள நமக்கு அப்படி ஒன்று ஏன் கூடாது? "இப்படிக் கூட்டம் போட்டால் ஏதோ நடந்துவிட்டதாக நினைத்து வீட்டு விலை இறங்கும்" என்ற பதில்தான் எனக்குக் கிடைத்தது.

சங்கச் செயலர்:
செயற்குழுவின் முடிவை என் தனிப்பட்ட கருத்தாகத் திரிக்க வேண்டாம். நான் செயலரான பிறகுதான் வருகைப் பதிவேடு ஒழுங்காக இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கணக்கு டியூஷன் ஆசிரியர் மீது புகார் வந்தபோது, ஒரே நாளில் அவரை வெளியேற்றியவன் நான். அவரும் வெளியாள்தான். இரண்டு தெரு தள்ளியிருந்து வந்தவர்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, ஏ பிளாக்:
நீங்களே எடுத்துவிட்டீர்கள், ஆகவே பேசுகிறேன். அவர் ஆறு ஆண்டுகள் ஏழு வீடுகளுக்கு வந்தவர். கொலு பார்க்க வருவார், சுண்டல் வாங்கிக்கொண்டு போவார். பிள்ளைகள் "சார் வந்தாச்சு" என்று ஓடிப்போய்க் கதவைத் திறப்பார்கள். அவரை வெளியாள் என்கிறீர்கள்! ஒரு குழந்தை வாய்திறந்து சொன்ன பிறகு நீங்கள் செய்தது என்ன? அலுவலக அறையில் உட்காரவைத்துப் பேசி, "இனி இந்தப் பக்கம் வராதீர்கள்" என்று அனுப்பினீர்கள். அந்த மனிதர் இப்போது வேறொரு குடியிருப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். அங்கேயும் யாராவது காபி கொடுப்பார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு இரவில் உறக்கம் வருவதில்லை.

சங்கச் செயலர்:
குழந்தையின் பெற்றோர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "காவல் நிலையம் வேண்டாம், எங்கள் பிள்ளையின் பெயர் வெளியே வந்துவிடும்" என்று அழுதார்கள். அந்த அறையில் நான் இருந்தேன், நீங்கள் இல்லை.

வழக்கறிஞர், சி பிளாக்:
அந்தப் பெற்றோரின் அச்சத்துக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 23-ஆம் பிரிவின்படி ஊடகம் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலேயே, சீருடை அணியாமல், இயன்றவரை பெண் உதவி ஆய்வாளர் பதிவு செய்ய வேண்டும். இதை அன்றைக்கு அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொன்னார்களா? பெற்றோர் வேண்டாம் என்பது மற்றவர்களின் கடமையை நீக்காது. இரண்டு ஆண்டுகள் ஆனதால் புகார் காலாவதியாகவும் இல்லை.

நெல்லைத் தந்தை, பி பிளாக்:
அப்படியானால் டீச்சரும் குற்றவாளிதானே? தெரிந்தும் ஏன் புகார் கொடுக்கவில்லை?

ஓய்வுபெற்ற ஆசிரியை, ஏ பிளாக்:
அவர் போய் மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். தெரிந்த அன்றே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தேன். முழுப் பெயரும் முகவரியும் கேட்டார்கள். "கணக்கு சார்" என்பதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. அவருடைய ஆதார் நகல் சங்க அலுவலகத்தில், நீங்கள் பெருமைப்படும் அதே பதிவேட்டில் இருக்கிறது. அதைக் கேட்டு மூன்று முறை கடிதம் கொடுத்தேன். மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வைத்திருக்கிறேன்.

சங்கச் செயலர்:
அலுவலக ஆவணங்களைத் தனி உறுப்பினருக்குக் கொடுக்க விதியில் இடமில்லை.

வழக்கறிஞர், சி பிளாக்:
அவரிடம் கொடுக்க வேண்டாம். காவல் நிலையத்தில் கொடுங்கள்.

சங்கச் செயலர்:
அடுத்த செயற்குழுவில் வைக்கிறேன். கேமரா ஒப்பந்தமும் அன்றைக்குத்தான் முடிவாகிறது. ஆனால் ஒன்றைப் பதிவு செய்கிறேன்: அயனாவரம், இங்கே என்று நடந்த இரண்டிலும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் வெளியாட்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, ஏ பிளாக்:
சுண்டல் வாங்கிப் போனவர் வெளியாள் இல்லை. நாளைக் காலை பத்து மணிக்கு நான்காவது கடிதத்துடன் அலுவலகத்துக்கு வருகிறேன். பதிவேட்டை மேசைமேல் எடுத்து வையுங்கள்.