புதுப்பிப்பு: பவர் ஆன்டெனா, மோட்டார் ஓடுது, கம்பி ஏறல

போன பதிவின் பிரச்சினை: பழைய கார், ரேடியோ போட்டால் தானா ஏறி, அணைச்சா இறங்கும் பவர் ஆன்டெனா; மோட்டார் சத்தம் வருது, ஆன்டெனா கம்பி அசையல. பிரித்துப் பார்த்தாச்சு. மோட்டார் நல்லாத்தான் இருக்கு; கம்பியைத் தள்ளும் நைலான் பல்கயிறு அறுந்திருக்கு. முழு யூனிட்டும் வேண்டாம், கயிறோடு வரும் கம்பி போதும். கயிற்றின் தடிமன், பல் இடைவெளி, நீளம் மூன்றையும் பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்க.

மேலே நட்டைக் கழற்றிப் புதுசைச் சொருகினால் முடிஞ்சுதுன்னு சொல்வாங்க. முடியாது. அறுந்த துண்டு, கயிறு சுற்றிக்கொள்ளும் டிரம்முக்குள்ளே சுருண்டு கிடக்கும். புதுக் கயிறு அதில் முட்டி மடங்கும். யூனிட்டைக் கழற்றி, மூடி திறந்து, துண்டை உருவி, கெட்டிப்பட்ட கிரீஸைத் துடைச்சிடுங்க. திரும்ப மாட்டியதும் ரேடியோவை ஆன் செய்து, மோட்டார் நின்ற பிறகு, பல் பக்கம் பற்சக்கரத்தைப் பார்க்கும்படி கயிற்றை இறக்குங்க. இன்னொருவர் ரேடியோவை அணைக்கணும். மோட்டாரே இழுத்துக்கும், கம்பியை நேராகப் பிடிச்சா போதும், அழுத்தாதீங்க.

நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று வேற. அடியில் தண்ணீர் வடியும் குழாய் அடைச்சிருந்தா ஐப்பசி மழையிலேயே மோட்டார் போயிடும். கம்பிக்குக் கிரீஸ் கூடாது, அறுவடைத் தூசி அப்பிக்கும். சிலிக்கான் எண்ணெய் தொட்ட துணியால் துடைங்க.

ஃபெண்டருக்கு (சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு) அடியில் ஆன்டெனாவின் எர்த், அதாவது கார் உடலோடு சேரும் மின் தொடர்பு, படும் இடத்தின் துருவை உப்புத்தாளால் தேய்ச்சு எடுங்க. எர்த் சரியா இருக்கான்னு ரேடியோவை வைச்சே பார்க்கலாம். காரைக்கால் எஃப்எம் 100.3 எப்படியும் எடுக்கும், அதை வைச்சு முடிவு பண்ணாதீங்க. மீடியம் வேவில் திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ் இரைச்சலில்லாம வந்தா எர்த் சரி.