டேப்லெட் லாக் ஆகியும் யூடியூப் ஓடுகிறது, அவசரம்

அம்மாபேட்டை_அம்மா: பிள்ளைகளின் போன், டேப்லெட் நேரத்தைக் கட்டுப்படுத்தும் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப் போட்டிருக்கிறேன். தினம் ஒரு மணி நேரம், ராத்திரி 8 மணிக்கு டவுன்டைம், அதாவது டேப்லெட் பூட்டிக்கொள்ளும் நேரம். ஆனாலும் பையன் 9 வரைக்கும் யூடியூப் பார்க்கிறான். செட்டிங் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பரீட்சை வருகிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

சூரமங்கலத்தான்: என்ன வயது? ஆண்ட்ராய்டா, ஐபேடா? யார் பெயரில் லாகின்?

ரவுட்டர்_பிரியன்: ஃபேமிலி லிங்க் எல்லாம் கண்துடைப்பு அக்கா. ரவுட்டரில் அந்த டேப்லெட்டின் மேக் அட்ரஸை, அதான் வைஃபையில் அதை அடையாளம் காட்டும் நம்பரை, போட்டுத் தடுத்துவிடுங்கள், கதை முடிந்தது.

சூரமங்கலத்தான்: முடியாது. ஆண்ட்ராய்டு 10 முதல் ஒவ்வொரு வைஃபைக்கும் அதுவே ஒரு மேக் அட்ரஸை உருவாக்கிக்கொள்கிறது. செட்டிங்ஸில் அசல் நம்பரைப் பார்த்துப் போட்டால் ரவுட்டருக்கு அது யாரென்றே தெரியாது.

ரவுட்டர்_பிரியன்: அதை ஆஃப் செய்துவிட்டுப் போடலாமே. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பழைய_பெருச்சாளி: வாராவாரம் இதே கேள்வி. மேலே தேடும் பெட்டி இருப்பது அழகுக்கு அல்ல. பையன் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்திருப்பான், போய்ப் பாருங்கள்.

அம்மாபேட்டை_அம்மா: வயது 8. கடிகாரம் சரி. டேப்லெட் 8 மணிக்குப் பூட்டிக்கொள்கிறது. அதற்கு அப்புறம்தான் பார்க்கிறான்.

ஏற்காடு_காபி: பூட்டின டேப்லெட்டில் எப்படிங்க பார்ப்பான்? எதில் பார்க்கிறான்?

அம்மாபேட்டை_அம்மா: ஹால் டிவியில்.

பழைய_பெருச்சாளி: இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். சரி, தொடருங்கள்.

ஏற்காடு_காபி: அப்படியென்றால் ஃபேமிலி லிங்க் மேல் குறையே இல்லை. அது பையனுடைய கணக்கைத்தான் பிடிக்கும். டிவியில் அநேகமாக அப்பாவின் கணக்கு இருக்கும். அந்தக் கணக்குக்கு 8 மணியும் கிடையாது, கணக்கும் கிடையாது! உங்கள் டிவி கூகுள் டிவி மென்பொருளில் ஓடுவது என்றால் குழந்தைக்குத் தனி புரொஃபைல் போடுங்கள். தினசரி நேரம், தூங்கும் நேரம் இரண்டும் வைக்கலாம். அதைவிட்டு வெளியே வர பின் நம்பர் கேட்கிற மாதிரி பூட்டும் இருக்கிறது. அந்தப் பூட்டைப் போடாவிட்டால் இரண்டு பட்டன் அழுத்தி அப்பா புரொஃபைலுக்குப் போய்விடுவான்.

அஸ்தம்பட்டி_டீச்சர்: டேப்லெட், டிவி எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. 5 முதல் 10 வயதுக்கு மொத்தமே 2 மணி நேரத்துக்குள் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வது. பாட்டி சீரியல் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் அதில் வரும்.

லீபஜார்_தாத்தா: ஆரம்பித்துவிட்டீர்களா? பகலெல்லாம் பேரனைப் பார்த்துக்கொள்கிற பாட்டிக்கு ஒரு சீரியல்கூடக் கூடாதா?

அஸ்தம்பட்டி_டீச்சர்: பார்க்கட்டும் ஐயா. பையன் சாப்பிட்டு முடித்துப் படுத்த பிறகு பார்க்கட்டும்.

லீபஜார்_தாத்தா: சேனல்காரன் பையன் படுக்கிறவரை காத்திருப்பானா?

ரவுட்டர்_பிரியன்: டிவிக்கும் மேக் அட்ரஸ் உண்டு. சொல்லி வைக்கிறேன்.

அம்மாபேட்டை_அம்மா: கூகுள் டிவிதான். புரொஃபைல் போட்டாயிற்று, நேற்று 8 மணிக்கு நின்றுவிட்டது. பின் நம்பரை மாமியாருக்குச் சொல்லலாமா?

ஏற்காடு_காபி: சொல்லாமல் சீரியல் எப்படிங்க? பேரன் பக்கத்தில் இல்லாதபோது சொல்லுங்கள்.