வெடியால 5.30க்கு நீச்சல், மார்கழில தாங்குமுங்களா?

ஏனுங்க, சேக்காளிங்க நாலு பேரு ஒட்டுக்கா வெடியால நீச்சல் குளத்துக்குப் போறோம், மேல கூரை கெடையாது, 25 மீட்டர் நீளம், மூணு பேரு கெணத்துல பழகுனவங்க, ஒருத்தனுக்கு நீச்சலே தெரியாது. குளுருல சளி புடிக்குமா? கண்ணு வேற செவந்து எரியுது, குளோரின் ஜாஸ்தியோ?

ஈரோட்டுக்காரன்: சளி வைரஸ்ல வர்றதுங்க, குளுருல இல்ல. தண்ணி சீக்கிரம் ஆறாது, அதனால வெடியால வெளிக்காத்த விட தண்ணிதான் வெதுவெதுன்னு தெரியும். ஏறி வர்றப்பதான் பல்லு தந்தியடிக்கும், துண்ட படிக்கட்டுகிட்டயே வெச்சுக்குங்க. நான் ஒருநாள் துண்ட வண்டிலயே விட்டுட்டு ஸ்டேண்டு வரைக்கும் ஈர டவுசரோட ஓடுனேன், வாட்ச்மேன் இன்னும் பாத்தா சிரிக்கறாரு.

பொள்ளாச்சி மாப்ள: குளோரின மட்டும் குத்தஞ்சொல்லாதீங்க. வேர்வையும், உள்ளயே ஒண்ணுக்குப் போற பயலுக புண்ணியமும் குளோரினோட சேந்து குளோரமின் ஆகுது, கண்ணு எரியறதும் மூக்கத் தொளைக்கற அந்த வாடையும் அதாலதான். எல்லாரும் சோப்பு போட்டுக் குளிச்சுட்டு எறங்குனா பாதி கொறையும். நீச்சல் கண்ணாடியும் வாங்கிருங்க.

கோபி அண்ணன்: எங்கப்பாரு எனக்கு மெதக்கறதுக்கு சொரப்புருடை, அதாங்க காஞ்ச சொரக்கா, கட்டி கெணத்துல தள்ளிவுட்டாருங்க, அப்படிப் பழகுனவங்க தலைய தூக்கிட்டே அடிப்போம், 25 மீட்டர்லயே மூச்சு வாங்கிரும். மூஞ்சிய தண்ணிக்குள்ள வெச்சு மூச்ச வுட்டுப் பழகோணும். தெரியாத தம்பி இடுப்பளவு தண்ணிலயே நிக்கட்டும். குளம் லீவுன்னு கீழ்பவானி வாய்க்கால்ல மட்டும் எறங்கிறாதீங்க சாமி, மேல சாதுவா தெரியும், உள்ள இழுத்துரும்.

கேட்டவன்: சரிங்ணா. ஒண்ணுக்கு மேட்டர்ல எங்க செட்டுலயே ஒருத்தன் மேல டவுட்டு இருக்குது, நாளைக்கு விசாரிக்கறேன்.